பதில்: ஓவிய வகுப்பில் பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்

வணக்கம். முதியோர் இல்ல ஓவிய வகுப்பில் பெரியவர்கள் "எனக்கு வராதுப்பா" என்று ஒதுங்க, கல்லூரிப் பிள்ளைகளே எல்லாவற்றையும் வரைந்து முடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சிலருக்கு மறதிநோய் இருப்பதாகவும், வரைந்தவற்றைக் கண்காட்சியாக வைக்க நினைப்பதாகவும் சொன்னீர்கள்.

சிக்கல் ஓவியத்தில் இல்லை. ஒருவர் உதவ வந்தவர், மற்றவர் உதவி பெறுபவர் என்ற ஏற்பாட்டில்தான் இருக்கிறது. இருவருக்குமே பழக்கமில்லாத ஒன்றைக் கொடுங்கள், களிமண் அல்லது துணி ஒட்டுப்படம் மாதிரி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு அட்டை.

மறதி உள்ளவர்களுக்கு நான் முதலில் முயல்வது 'டைம்ஸ்லிப்ஸ்' முறையை. அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்பவர் 1998இல் தொடங்கியது. விநோதமான ஒரு படத்தைக் காட்டி, "இவர் யார்? எங்கே கிளம்பிவிட்டார்?" என்று கேட்க வேண்டும். வரும் பதில்களை, சம்பந்தமே இல்லாதவை உட்பட, அப்படியே எழுதிக்கொண்டே போனால் கதை உருவாகும். நினைவைச் சோதிக்காமல் கற்பனையைக் கேட்பதால் தப்பான பதில் என்பதே கிடையாது. "ஞாபகம் இருக்கா தாத்தா?" என்ற கேள்வியைப் பிள்ளைகளுக்குத் தடையே செய்துவிடுங்கள். பாவம், நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள். ஆனால் அது பரீட்சை.

நினைவு நன்றாக உள்ளவர்களிடம் "எங்க வயசுல நீங்க எப்படி?" என்று கேட்கலாம். சுமார் 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் முதுமையில் அதிகம் மேலே வரும்.

பின்னணி இசை வேண்டாம், காது கேட்பது சிரமமாகும். ஜோடிகளை வாராவாரம் மாற்றாதீர்கள். கண்காட்சி யோசனையைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள். அந்த அவசரத்தில்தான் பிள்ளைகள் தூரிகையை வாங்கிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.