கேடயம் வாங்காத மாணவியின் உழைப்பு எங்கே பதிவாகும்?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. மூன்றாம் ஆண்டில் படிக்கும் உங்கள் மகள் மாலை நேரத்தின் பெரும்பகுதியைக் கலைமன்றத்தின் மேடைப் பின்னணி வேலைகளிலும், வளாகத்தை ஒட்டிய குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுப்பதிலும் செலவிடுவதால் படிப்பு பின்தங்கிவிடுமோ என்பது ஒன்று. இத்தனை உழைத்தும் ஆண்டுவிழாவில் பாடியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் கேடயம் கிடைத்ததே தவிர அவர் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை, நாளைக்கு வேலை தேடும்போது இதையெல்லாம் யார் பொருட்படுத்துவார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் உங்கள் மகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கான காலமும் இன்னும் கடந்துவிடவில்லை.

வளாக விருதுகள் எப்படி முடிவாகின்றன என்பது பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரிவதில்லை. விருதுக் குழுவினர் ஆண்டு முழுவதும் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துத் தகுதியானவர்களைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. குறித்த தேதிக்குள் வந்து சேர்ந்த பரிந்துரைப் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் எழுதியிருப்பதை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். படிவம் வராத மாணவர், எவ்வளவு உழைத்திருந்தாலும், அவர்களைப் பொறுத்தவரை இல்லாதவரே. மேடையில் தோன்றியவரின் முகம் பொறுப்பாசிரியருக்கு நினைவிருக்கும், ஆகவே அவருக்கான படிவம் எளிதில் எழுதப்பட்டுவிடும். ஒலிவாங்கிகளைச் சரிபார்த்தவருக்கும், வரவுசெலவுக் கணக்கு எழுதியவருக்கும், ஊர் திரும்ப வேண்டிய விருந்தினர் குழுவுக்கு இரவு வண்டி ஏற்பாடு செய்தவருக்கும் யாராவது முனைந்து எழுதினால்தான் உண்டு. இது முறையன்று என்றே நானும் கருதுகிறேன்; பின்னணி உழைப்புக்கெனத் தனிப் பிரிவு வைக்காத எந்த விருதுத் திட்டமும் குறையுள்ளதுதான். ஆனால் அந்தக் குறை தீரும்வரை காத்திருக்க உங்கள் மகளுக்கு நேரமில்லை. ஆகவே மாணவர் நலப் பிரிவுக்குச் சென்று, எந்தெந்த விருதுகளுக்கு எப்போது பரிந்துரை கோருகிறார்கள், மாணவர் தம்மைத் தாமே முன்மொழிய இடமுண்டா, வெளியார் பரிந்துரைக்கலாமா என்ற மூன்றையும் அவர் கேட்டறிய வேண்டும். தமக்காகப் பரிந்துரை எழுதும்படி பொறுப்பாசிரியரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாசிப்பு வகுப்பைப் பொறுத்தவரை, குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெற்றோரோ அங்குள்ள நூலகரோ எழுதும் நான்கு வரி, பேராசிரியர் எழுதும் ஒரு பக்கத்தைக் காட்டிலும் எடையுள்ளதாக இருக்கக்கூடும்.

விருது கிடைக்காவிட்டாலும் அங்கீகாரத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வேலைவாய்ப்பு நோக்கில் பார்த்தால் அவையே கூடுதல் உறுதியானவை. பிரித்தானியாவில் ராபர்ட் பர்ஜெஸ் தலைமையிலான குழு 2007ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, பட்டத்தின் வகுப்பு நிலை ஒன்றை மட்டும் கொண்டு ஒரு மாணவரை அளந்துவிட முடியாது என்ற வாதத்தை முன்வைத்தது. அதிலிருந்து பிறந்த உயர்கல்விச் சாதனை அறிக்கை என்ற ஆவணத்தில், மதிப்பெண்களோடு, மாணவர் மன்றப் பொறுப்பு, தன்னார்வப் பணி போன்றவற்றையும் பல்கலைக்கழகமே சரிபார்த்துப் பதிவு செய்கிறது. ஐரோப்பிய நாடுகளில் பட்டத்தோடு இணைத்துத் தரப்படும் பட்டயப் பின்னிணைப்பிலும் கூடுதல் விவரங்களுக்கென ஒரு பகுதி உண்டு. இந்தியாவில் 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியையும் ஒரு சிறப்பு முகாமையும் முடித்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. மெக்சிகோவில் சமூகப் பணி பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாகவே இருக்கிறது. உங்கள் மகளின் பல்கலைக்கழகத்தில் இவற்றைப் போன்ற ஏற்பாடு எது இருக்கிறது என்று பாருங்கள்: தனிச் சான்றிதழா, மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியா, விருப்பப் பாடமாகக் கிடைக்கும் கிரெடிட்டா? பல இடங்களில் ஏற்பாடு இருந்தும், முன்கூட்டியே பதிவு செய்யாத ஒரே காரணத்தால் மாணவர்கள் அதை இழக்கிறார்கள். பணி முடிந்தபின் பதிவு செய்ய முடியாது என்ற விதி சில திட்டங்களில் இருப்பதால் இதை முதலில் விசாரிப்பது நல்லது.

இனி, யார் பொருட்படுத்துவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால், எல்லாரும் பொருட்படுத்துவதில்லை. எழுத்துத் தேர்வின் தரவரிசையை மட்டும் வைத்து எடுக்கும் பணிகளில் இந்த அனுபவத்துக்கு இடமே இல்லை. மதிப்பெண் வரம்பு வைத்து முதற்கட்டத்திலேயே விண்ணப்பங்களைக் கழிக்கும் நிறுவனங்களிலும் அந்த வரம்பைத் தாண்டிய பிறகுதான் இதைப் பற்றிய பேச்சே எழும். ஆனால் கதவு திறக்கும் இடங்களில் நன்றாகவே திறக்கிறது. செசில் ரோட்ஸ் 1902ஆம் ஆண்டு மறைந்தபோது எழுதி வைத்திருந்த உயிலின் வழி தோன்றிய, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க உதவும் ரோட்ஸ் கல்வி உதவித்தொகை, கல்வித் தேர்ச்சியோடு கடமை உணர்வையும் எளியோர்பால் பரிவையும் தலைமைப் பண்பையும் தேர்வு அளவுகோல்களாகவே வைத்திருக்கிறது. பிரித்தானிய அரசின் செவனிங் உதவித்தொகை கோரும் 2,800 மணி நேரப் பணி அனுபவத்தில், ஊதியமில்லாத தன்னார்வப் பணியையும் சேர்த்துக் கணக்கிடலாம். உங்கள் மகள் வாரந்தோறும் எடுக்கும் வாசிப்பு வகுப்பு, நாள்வாரியாகப் பதிவாகியிருந்தால், படிப்புக் காலப் பணியையும் ஏற்கும் ஒரு விண்ணப்பத்தில் எண்ணிக்கையாகவே நிற்கும். பதிவாகாவிட்டால், வெறும் நினைவாகப் போய்விடும்.

அதனால் நான் வற்புறுத்துவது ஒரு பணிக்குறிப்பேட்டை. தேதி, எவ்வளவு நேரம், என்ன செய்தேன், யாருடன் செய்தேன், என்ன மாறியது என்ற ஐந்து தகவல்கள் போதும்; வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் ஒதுக்கினால் எழுதிவிடலாம். நிகழ்ச்சி வரிசைத் தாள், வகுப்பின் வருகைப் பதிவேடு, செலவுக் கணக்கின் நகல் ஆகியவற்றையும் சேர்த்து வைக்கட்டும். மேடை நிர்வாகம் செய்பவர் எழுதும் நிகழ்ச்சி வரிசைத் தாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எந்தக் குழு எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எத்தனை ஒலிவாங்கி வேண்டும், எந்த வரி முடிந்ததும் விளக்கை அணைக்க வேண்டும், ஒரு குழு தாமதமானால் எதை முன்னே கொண்டுவருவது என்று நிமிடக் கணக்கில் எழுதப்பட்ட தாள் அது. திட்டமிடல் திறன் உண்டா என்று கேட்கும் ஒரு பணியமர்த்துநரிடம், அந்தத் தாளின் ஒரு பக்கத்தைக் காட்டுவது பத்துப் பெயரடைகளைவிட மேலானது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வாசிப்பு வகுப்புப் பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் தம் தொகுப்பில் சேர்க்கக்கூடாது. அந்தப் பிள்ளைகளின் வறுமையோ எழுத்துத் தடுமாற்றமோ இன்னொருவரின் வேலை விண்ணப்பத்துக்குச் சான்றாகப் பயன்படக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பொறுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கும் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இம்மாணவி கலைமன்றச் செயல்பாடுகளில் ஆர்வத்துடன் பங்கேற்றார், நன்னடத்தை உடையவர்" என்ற கடிதங்கள் ஏராளமாக என் பார்வைக்கு வருகின்றன. அவற்றில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும், அதனாலேயே படிப்பவர் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. எந்தப் பொறுப்பு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை பேரை வழிநடத்தினார், ஆசிரியர் தாமே கண்ட ஒரு நிகழ்வு, மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமானால் தொடர்புகொள்ளும் வழி ஆகியவை இருந்தால் அது பயனுள்ள கடிதம். பேராசிரியர்களுக்கு நேரம் குறைவு. ஆகவே உங்கள் மகள் தம் பணிக்குறிப்பேட்டிலிருந்து அரைப்பக்கச் சுருக்கம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தால், ஆசிரியர் அதிலிருந்து தமக்குத் தெரிந்ததை எடுத்து எழுதுவார். கொடுப்பது தகவல் மட்டுமே. மதிப்பீட்டை ஆசிரியரே எழுத வேண்டும்.

தன்விவரக் குறிப்பில் இதை எழுதும் விதமும் முக்கியம். "கலைமன்ற உறுப்பினர், இரண்டு ஆண்டுகள்" என்ற வரி எதையும் சொல்வதில்லை. "கலைமன்ற மேடை நிர்வாகம்: மூன்று நாள் விழாவில் 22 நிகழ்ச்சிகளுக்கு வரிசைத் தாள் தயாரித்து, 14 தன்னார்வலர்களை இரண்டு அணிகளாக நடத்தி, நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 4 நிமிடமாகக் குறைத்தேன்" என்ற வரி ஒரு வேலையைக் கண்முன் நிறுத்துகிறது. எண்களை நான் எடுத்துக்காட்டுக்காக இட்டிருக்கிறேன்; அவர் தம்முடைய உண்மையான எண்களையே இட வேண்டும், ஒன்றைக்கூடக் கூட்டக்கூடாது. நேர்முகத் தேர்வில் அனுபவமுள்ள ஒருவர், "அந்த ஆறு நிமிடத்தை எப்படிக் குறைத்தீர்கள்?" என்று கேட்டு, அதற்கு வரும் பதிலின் மேல் இன்னொரு கேள்வியும் கேட்பார், செய்தவருக்கு அது இனிய உரையாடல், மிகைப்படுத்தியவருக்கு அங்கேயே தேர்வு முடிந்துவிடும். சூழ்நிலை, பணி, செயல், விளைவு என்ற வரிசையில் பதில் சொல்லும் ஸ்டார் முறையைப் பல வேலைவாய்ப்புப் பிரிவுகள் கற்றுத்தருகின்றன. உங்கள் மகள் அந்த வரிசையில் நான்கைந்து நிகழ்வுகளைச் சொல்லிப் பழகட்டும். அவற்றில் ஒன்று சரியாக நடக்காத நிகழ்வாகவும் இருக்கட்டும், ஏனெனில் அதைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள்.

படிப்பைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. உயர்கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட மாணவர் ஈடுபாட்டுக் கோட்பாடு, வளாக வாழ்வில் எவ்வளவு உழைப்பையும் மனத்தையும் செலுத்துகிறார்களோ அந்த அளவுக்கு மாணவர்களின் கற்றலும் வளர்ச்சியும் அமைகின்றன என்று சொன்னது. அதே கட்டுரையில், ஓர் எல்லைக்கு மேல் ஈடுபாடு எதிர்விளைவு தரக்கூடுமா என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். அந்த எல்லை எது என்பதை உங்கள் மகளின் மதிப்பெண்களே காட்டும். இரண்டு பருவங்களாகச் சிறிது சிறிதாகக் குறைகிறதென்றால், அல்லது வருகைப்பதிவு தேர்வெழுதும் தகுதிக்கான வரம்பை நெருங்குகிறதென்றால், இரண்டு பொறுப்புகளில் ஒன்றை விட வேண்டிய நேரம் வந்துவிட்டது. எதை விடுவது என்று என்னைக் கேட்டால், வாசிப்பு வகுப்பை வைத்துக்கொண்டு மேடை நிர்வாகத்தை இளைய மாணவர் ஒருவருக்குப் பயிற்றுவித்து ஒப்படைக்கச் சொல்வேன். பிள்ளைகளிடம் ஏற்றுக்கொண்ட பொறுப்பை ஆண்டின் நடுவில் விட்டுவருவது சரியாகாது. மன்றப் பொறுப்பை ஒழுங்காகக் கைமாற்றிக் கொடுப்பதோ, அடுத்தவரைத் தயார்செய்த அனுபவமாக அதுவும் பதிவாகும். பொறுப்பு என்ற பெயரில் நாற்காலி அடுக்குவதும் விருந்தினருக்குக் குடிநீர் கொடுப்பதும் மட்டுமே ஆண்டுதோறும் அவருக்கு ஒதுக்கப்படுகிறதென்றால், அப்போதும் விலகுவதற்கு அவர் தயங்க வேண்டியதில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "இதனால் உனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு அவரிடம் காட்டக் கேடயம் இல்லை, ஆகவே மௌனமாகிவிடுவார். இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதில்தான் நாளை நேர்முகத் தேர்வில் சொல்லப்போகும் பதில். தம் செயலைத் தாயிடம் விளக்கிச் சொல்லிப் பழகியவர், அந்நியரிடம் விளக்கும்போது தடுமாறுவது குறைவு.

இந்தப் பருவம் முடிவதற்குள் மாணவர் நலப் பிரிவில் விசாரிப்பதும், இரண்டு பொறுப்பாளர்களிடமிருந்து கடிதம் பெறுவதும் முடிந்துவிட வேண்டும். பொறுப்பாசிரியர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், உடன் உழைத்த மூத்த மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்கள். ஓராண்டு கழித்துத் தேடினால் கண்ணால் கண்டு சாட்சி சொல்ல ஆளிருக்காது. கடிதங்களையும் வரிசைத் தாள்களையும் ஸ்கேன் செய்து தம் சொந்த மின்னஞ்சலில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் கணக்கு பட்டம் பெற்ற சில மாதங்களிலேயே மூடப்படலாம். அப்போது அதில் இருந்தவை அனைத்தும் அதனோடு போய்விடும்.