பிழை மலிந்த அந்த நாவல் போலியா?

கேள்வி: மனித மூளையையும் உடலையும் தொழில்நுட்பத்தால் மாற்றுவது பற்றிய அறிவியல் புனைகதைகள் படிக்க ஆசை. ஆன்லைனில் 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்தே ஸ்பெல்லிங் தப்பு. போலிப் பதிப்பா? திருப்பி அனுப்பிவிட்டு வேறு எதை வாங்கலாம்?

பதில்: அனுப்பாதீர்கள். அந்தத் தப்புகளில்தான் கதையே இருக்கிறது. அறிவுத்திறன் குறைந்த சார்லி தன் கையால் எழுதும் குறிப்புகள் அவை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் அறிவு கூடக் கூட, பிழைகள் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். டேனியல் கீஸ் 1959-இல் சிறுகதையாக எழுதி, 1966-இல் நாவலாக விரித்தது இது. இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

போலி என்றால் பின்னட்டையிலும் பதிப்புரிமைப் பக்கத்திலும்கூடப் பிழை இருக்கும், அச்சு மங்கியிருக்கும். அதைவிட மோசம், நாவலின் பெயரைப் பெரிதாகப் போட்டு, 'சம்மரி' என்பதைப் பொடி எழுத்தில் ஒளித்து விற்கும் மெல்லிய புத்தகங்கள். சார்லியின் கதையைச் சுருக்கினால் அந்தப் பிழைகள் போய்விடும். அப்புறம் படிக்க என்ன மிஞ்சும்? ஒரு விற்பனைத் தளத்துக்கு மூன்று முறை புகார் எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில். புத்தகம் இன்னும் விற்பனையில் இருக்கிறது. வாங்குபவர்தான் காவல் காக்க வேண்டுமா? பக்க எண்ணிக்கையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நூறு பக்கத்துக்குள் இருந்தால் அது இந்த நாவல் இல்லை.

அடுத்து நான்சி கிரெஸின் 'பெக்கர்ஸ் இன் ஸ்பெயின்'. தூக்கமே தேவைப்படாதபடி மரபணு மாற்றிப் பிறந்த பிள்ளைகள், அவர்களைச் சகிக்க முடியாத மற்றவர்கள். 1991-இல் வந்த குறுநாவலே போதும். கிரெக் ஈகனின் 'டயாஸ்போரா' இப்போது வேண்டாம். மென்பொருளாகவே ஒரு மனம் பிறப்பதை விவரிக்கும் முதல் அத்தியாயம் மிகக் கடினம்.

இலவச பிடிஎஃப் பக்கம் போகாதீர்கள். ஒரு விலக்கு உண்டு: 2005-இல் வெளிவந்த 'ஆக்செலராண்டோ'. சார்லஸ் ஸ்ட்ராஸ் அதன் மின்நூலைத் தானே இலவசமாக வெளியிட்டார். அதைப் படிக்கலாம், காசு வாங்காமல் நண்பருக்கும் அனுப்பலாம். அந்தக் கோப்பை விலைக்கு விற்க மட்டும் உரிமம் இடம் தரவில்லை. 'இருபது ரூபாய் கொடுங்கள், அனுப்புகிறேன்' என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அச்சுப் பதிப்பு வேறு விஷயம். அதைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அவருடைய மற்ற நாவல்களுக்கும் இந்தச் சலுகை பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.