தொலையாத படம்

அன்புள்ள ஐயா,
ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தின் நிலவறையில் பல நூற்றாண்டுகளாகத் தொலைந்து கிடந்த சீனக் கடல் வரைபடத்தை 2008இல் கண்டுபிடித்ததாக ஒரு காணொளியில் பார்த்தேன். அவ்வளவு பெரிய நூலகத்தில் எப்படித் தொலையும்? நம்மூர் நூலகங்களிலும் இப்படி ஏதாவது கிடக்குமா? பழைய வரைபடங்களைப் பார்க்கப் பழக எங்கிருந்து தொடங்கலாம்?
முத்துலட்சுமி, திருவாரூர்

அன்புள்ள முத்துலட்சுமி,

இரண்டு வாரமாக மேசையில் ஒரு கிழிந்த படத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில். காணொளி பார்த்துவிட்டு எழுதும் கடிதங்களை வழக்கமாக நான் கண்டுகொள்வதில்லை.

முதலில் அந்த நிலவறையை விடுங்கள். படம் தொலையவே இல்லை. ஜான் செல்டன் என்ற லண்டன் வழக்கறிஞர் 1654இல் இறந்தார். சீனாவிலேயே வண்ணத்தில் எழுதிய படம் என்று உயிலின் பிற்சேர்க்கையில் அதைத் தனியாகக் குறித்திருக்கிறார், கூடவே ஒரு திசைகாட்டியையும். 1659இல் அவர் சேகரிப்பு பாட்லியனுக்கு வந்தது. 1687இல் நூலகர் தாமஸ் ஹைட், ஷென் ஃபுசோங் என்ற சீனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயர்களைக் கேட்டுக் கேட்டு லத்தீனில் குறித்தார், படத்தின் மேலேயே. நூலக அட்டவணையிலும் படத்தின் பெயர் இருந்தது. 2008 ஜனவரியில் ராபர்ட் பேட்சிலர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் கேட்டார், எடுத்துக் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் கண்டுபிடிப்பா? யாரோ ஒருவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அட்டவணையில் ஒரு வரி எழுதிவைத்துப் போகிறார். அந்த வரியைப் படிக்க ஆள் வருவதற்குள் அவர் எலும்பு மண்ணாகிவிடுகிறது. வந்தவர் பெயர் செய்தியில் வருகிறது, எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. 'தொலைந்து கிடந்தது' என்று நீங்கள் எழுதும்போது அவரைத்தான் வைகிறீர்கள் அம்மா.

பேட்சிலரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பார்த்தார். சீனத் துறைமுகமான சுவான்ஜோ பக்கத்திலிருந்து மெல்லிய கோடுகள் புறப்பட்டு மணிலாவுக்கும் ஜாவாவுக்கும் மலாக்காவுக்கும் போகின்றன. கப்பல் வழிகள். திசைகாட்டி முள் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று கோட்டை ஒட்டியே எழுதியிருக்கிறது. படத்தின் நடுவில் சீனா இல்லை, கடல் இருக்கிறது. இடது ஓரத்தில் கோழிக்கோட்டின் பெயரும், அங்கிருந்து ஏடனுக்கும் ஹோர்முஸுக்கும் போகும் வழியும். (சுவான்ஜோ நமக்கு அசலூர் இல்லை. 1281இல் அங்கே ஒரு சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். அது வேறு கதை.)

பிற்காலத்தில் யாரோ, படம் கெடக்கூடாதென்று பின்னால் கெட்டித்துணி ஒட்டியிருந்தார்கள். அந்த விறைப்பிலேயே படம் வெடித்து உதிரத் தொடங்கியது. செப்பனிடுபவர்கள் துணியை உரித்தபோது, பின்பக்கத்தில் அதே வழிக்கோடுகளின் முதல் வரைவு இருந்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாத்தா கர்ணம். அவர் வைத்திருந்த கிராமப் படம், துணியில் ஒட்டியது, என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் விட்டுப்போன இடங்களில் கல்லூரி நாட்களில் நானே செல்லோ டேப் ஒட்டினேன். பெரிய அக்கறை! முப்பது வருடத்தில் டேப் புகையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. போன மாதம் பெரியப்பா வந்தார், நில அளவையில் சங்கிலி பிடித்தே ஓய்வுபெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க வாய்க்கால் தலைப்பு இருக்கணுமேடா. அது மேலயா ஒட்டினே?"

நம்மூர் நூலகங்களில் இருக்குமா என்றால், இருக்கும். போய் அட்டவணையைக் கேளுங்கள், இல்லையென்று சொன்னால் மறுநாளும் போங்கள். பழகுவதற்கு, செல்டன் படத்தையே பாட்லியன் இணையத்தில் போட்டிருக்கிறது. பெரிதாக்கி ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். புத்தகமெல்லாம் அப்புறம்.

டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினேன். பெரியப்பா "வேண்டாம்டா" என்பதற்குள் நீல மை அதோடு வந்துவிட்டது. அந்தத் துண்டை வெள்ளைத்தாளில் ஒட்டி, பக்கத்தில் 'வாய்க்கால், தலைப்பு' என்று எழுதிப் படத்தோடு வைத்திருக்கிறேன்.