எத்தனை தடவைதான் கேஸ் அடிப்பது?

கேள்வி: ஜூஸ் கடை ஐஸ் மெஷினுக்கு 8 மாதத்தில் மூன்று தடவை கேஸ் அடித்தாகிவிட்டது. இப்போது மறுபடியும் தட்டின் ஒரு பக்கம்தான் ஐஸ் பிடிக்கிறது. மறுபக்கம் மெலிசாக, குழி விழுந்து வருகிறது. (மதுரை வாசகர்)

பதில்: மெஷினைக் குளிர்விக்கும் கேஸ், பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருளல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். தட்டின் மேல் உள்ள தண்ணீர்க் குழாயின் துளை உப்பு அடைத்தாலும் ஒரு பக்கம் ஐஸ் பிடிக்காது. தண்ணீர் சீராக வழிந்தும் இப்படி இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். ஃபில்டர் டிரையரின் (கேஸ் ஓடும் வழியில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். வெளியேறும் முனை மட்டும் சில்லிட்டிருந்தால் அடைப்பு அங்கே.

கசிவு தேட, மீதிக் கேஸைக் காற்றில் விடாமல் காலி சிலிண்டரில் பிடித்துவிட்டு, ரெகுலேட்டர் வழியாக நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, சோப்பு நுரை தடவ வேண்டும். கேஸ் ஏற்றும் முனையிலுள்ள பின் (pin) வால்வு, குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட், பற்றவைத்த மூட்டு, அதிர்வில் கேப்பிலரி (மிக மெல்லிய செம்புக் குழாய்) உரசும் இடம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கசியும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றவே கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் மெல்ல ஓடட்டும். இல்லாவிட்டால் செம்புக்குள் கரும்பொருக்கு உண்டாகி, பிறகு கேப்பிலரியை அடைக்கும்.

குழாயைத் திறந்தால் டிரையர் புதிதாகத்தான் போட வேண்டும். பிறகு பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, வேக்கம் 500 மைக்ரான் (மிகக் குறைந்த அழுத்தத்தின் அளவு) வரை இறக்க வேண்டும். சாதாரண கேஜ் முள் இதைக் காட்டாது, மைக்ரான் மீட்டர் வேண்டும். பம்ப் வால்வை மூடி 10 நிமிடம் கவனியுங்கள்: மீட்டர் அளவு ஏறி ஒரு இடத்தில் நின்றால் உள்ளே ஈரம், நிற்காமல் ஏறினால் இன்னும் கசிகிறது.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஐஸ் தடிக்கத் தடிக்க சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) இறங்கிக்கொண்டே போகும். கேஜைப் பார்த்து நிரப்பினால் எந்த நிமிடத்து அளவை நம்புவது? பெயர்த் தகட்டில் உள்ள கிராம் கணக்குதான் சரி. மெஷினில் இருப்பது ஆர்-404ஏ வகைக் கேஸ் என்றால், அது மூன்று கேஸ்களின் கலவை என்பதால் திரவமாகவே இறக்க வேண்டும். கம்ப்ரசர் நின்றிருக்கும்போது ஹை சைடில் (அழுத்தம் அதிகமுள்ள பக்கத்தில்) கொடுப்பது பாதுகாப்பு.

கேள்வி: ஐஸ் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் தட்டிலிருந்து விழ மாட்டேன் என்கிறது.

பதில்: நம் ஊர் உப்புத் தண்ணீரில் முதல் சந்தேகம் தட்டில் படிந்த படிவம். தட்டின் நிக்கல் பூச்சுக்கு ஏற்ற டீஸ்கேலரால் (படிவம் நீக்கும் திரவம்) கழுவுங்கள். கழிப்பறை ஆசிட் பூச்சையே தின்றுவிடும். அதற்குப் பிறகும் விழாவிட்டால் ஹாட் கேஸ் வால்வின் (ஐஸ் விழுவதற்காகத் தட்டுக்குச் சூடான கேஸை விடும் வால்வு) காயிலுக்கு மின்சாரம் வருகிறதா பாருங்கள். கேஸ் குறைந்தாலும் சூடு போதாமல் ஐஸ் ஒட்டிக்கொள்ளும்.

இதே வால்வு மூடாமல் கசிந்தால் ஐஸே சரியாகப் பிடிக்காது. அதைக் கேஸ் குறைவு என்று நினைத்து மேலும் நிரப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. ஐஸ் பிடிக்கத் தொடங்கி 5 நிமிடம் கழித்து, வால்வைத் தாண்டி ஒரு சாண் தள்ளிக் குழாயைத் தொடுங்கள். சுட்டால் வால்வை மாற்ற வேண்டும்.

கேள்வி: ஆர்-404ஏ மெஷினில் ஆர்-290 போடலாமா?

பதில்: கூடாது. அது புரொப்பேன், தீப்பிடிக்கும். பழைய மெஷினின் ரிலேயும் சுவிட்சும் பொறி தட்டக்கூடியவை.