கெப்புக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி – பதில்

மாரி நெருங்கும்போது டயர் பற்றிய கேள்விகள் கூடும். இந்த முறை கெப் (பிக்கப்) வைத்திருப்பவர்கள் கேட்டவற்றை மட்டும் ஒன்றாக எடுத்திருக்கிறேன்.

தோப்பூரிலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: என்னிடம் மிட்சுபிஷி எல்200 டபுள் கெப் இருக்கிறது, நாலு சில்லும் இழுக்கிற போர் வீல். டயர் அளவு 245/70 ஆர் 16. பசளை, விதைநெல் ஏற்றி வாய்க்கால் ஓரக் கிறவல் ரோட்டில் ஓடுவேன். பெரும்போகத்தில் அந்த ரோட்டு முழுக்கச் சேறு. கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை திருகோணமலைக்கும் வருகிறேன். "மட் டயர் போடு, அதுவும் 265 போடு" என்கிறார்கள் கூட்டாளிகள். டயர்க்கடைக்காரர் ஆல் டெரெய்ன் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள் அண்ணன். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

உங்கள் கிழமை ஓட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். தோப்பூரிலிருந்து கங்கைப் பாலம், இறால்குழி, உப்பாறு, கிண்ணியாப் பாலம் என்று திருகோணமலை வரை இன்று முழுவதும் காப்பெட் ரோட்டு. பாதை என்கிற மிதவைப் படகில் வாகனத்தை ஏற்றி இறக்கி ஆற்றைக் கடந்த காலத்தில் இந்தப் பக்கம் ஓடிய கெப்புக்கு மட் டயர் கேட்டால் அதில் நியாயம் இருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றப் பாலங்களும் பின்னால் வந்தன. இப்போது உங்கள் டயர் தேய்வதில் பெரும்பங்கு தார் ரோட்டில்தான். வயல் ரோட்டில் நீங்கள் ஓடுகிற தூரம் கொஞ்சம், கஷ்டம்தான் அதிகம். டயர் வாங்கும்போது மனதில் நிற்பது அந்தக் கஷ்டமான இடம் மட்டும்தான். இது எங்கள் டயர்க்கடைக்கு வருகிற அநேகமானவர்களிடம் நான் காண்பது.

மட் டயரின் கட்டைகள், அதாவது நிலத்தைத் தொடுகிற ரப்பர் மேடுகள், பெரியவை, இடைவெளியும் பெரியது. சில்லு சுற்றும்போது இடைவெளிக்குள் புகுந்த சேற்றை அதுவே வீசி எறிந்துவிடும், அதனால்தான் சேற்றில் ஏறுகிறது. அதே இடைவெளியால் நனைந்த காப்பெட்டில் நிலத்தைத் தொடுகிற ரப்பர் குறைந்துவிடுகிறது. மழையில் மாடு குறுக்கே வந்து சட்டென்று பிறேக் பிடிக்கிறீர்கள் என்றால், ரோட்டு டயரை விட நல்ல தூரம் தள்ளித்தான் நிற்கும். மாரியில் ரோட்டில் படுக்கிற மாடுகளைப் பற்றி மூதூர்ப் பக்கத்து ஆளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரைச்சலும் கூட, டீசலும் கூடக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

ஆல் டெரெய்ன் மட் டயருக்கும் ரோட்டு டயருக்கும் நடுவில் நிற்பது. பிஎஃப்குட்ரிச் 1976 இல் இந்த வகை ரேடியலை அமெரிக்கப் பிக்கப் வண்டிகளுக்காகக் கொண்டுவந்தபோது அவர்கள் மனதில் இருந்தது காய்ந்த மண், கல், பாலைவனம். கல்லுக்கும் கிறவலுக்கும் பொருந்தினால் எங்கள் வாய்க்கால் ரோட்டுக்கும் பொருந்தும். வயல் களிமண்ணில் மட்டும் அது கொஞ்சம் சறுக்கும், இதை மறைக்கக்கூடாது. களி நாலு சுற்றில் கட்டைகளுக்குள் நிரம்பி, டயர் வழுவழுப்பாகிவிடும். அப்போது அக்சிலேட்டரை மிதித்துச் சுழற்றினால் குழிதான் ஆழமாகும். லோ கியரில் போட்டு, சுழல விடாமல் மெதுவாக, நிற்காமல் போங்கள். காற்றை 22 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் இன்னும் பிடிக்கும், ஆனால் அது பாரம் இல்லாத கெப்புக்கு மட்டும். அப்படியும் போக முடியாத இடம் உழவு இயந்திரத்துக்குரியது, அங்கே எந்த டயரோடும் கெப்பை இறக்காதீர்கள்.

இனி 265 கதை. இந்த முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். 245/70 ஆர் 16 என்றால் டயரின் முழு உயரம் ஏறத்தாழ 749 மில்லிமீற்றர். 265/70 ஆர் 16 ஏறத்தாழ 777. வித்தியாசம் 28, அதில் அச்சு உயர்வது பாதிதான், 14 மில்லிமீற்றர். ஒரு விரல் தடிப்பு உயரத்துக்காக என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். மீற்றர் 100 காட்டும்போது வண்டி முன்பை விட ஏறத்தாழ 4 கிலோமீற்றர் கூட ஓடிக்கொண்டிருக்கும். ஓடிய தூரத்தையும் குறைத்துக் காட்டுவதால் ஒயில் மாற்றுவது பிந்தும். இழுவை குறையும், பாரத்தோடு அது தெரியும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே மட்காட்டில் உரசலாம். ஸ்பெயார் சில்லையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும். எனக்கு இது நட்டக் கணக்காகத்தான் தெரிகிறது. 245 ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு இதுதான் முக்கியம். டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் 107 அல்லது 111 என்று ஒரு எண் இருக்கும். அது ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறி. 107 என்றால் 975 கிலோ, 111 என்றால் 1,090 கிலோ. நீங்கள் 20 அந்தர் பசளை ஏற்றினால் ஒரு தொன். அது கிட்டத்தட்ட முழுவதும் பின்சில்லு இரண்டிலும்தான் இறங்கும், வண்டியின் சொந்தப் பாரமும் அதோடு சேரும். 107 போட்டால் கணக்குக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் கிறவல் ரோட்டுக் குழியில் விழுகிற அடிக்குக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. எங்களிடம் வருகிற வெடித்த டயர்களில் நிறையத்துக்கு வெளியே கட்டை நன்றாகவே இருக்கும். சுவரின் உள்பக்கத்தைத் தடவினால் ரப்பர் பொடியாகக் கையில் வரும். பாரம் தாங்காமல், காற்றும் காணாமல், மடங்கி மடங்கிச் சூடேறிய டயர் அது. ஆகவே கடையில் 111 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். எல்டி என்று அச்சடித்த லைட் ட்ரக் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, சுவர் தடிப்பு, கூரான கல்லுக்குத் தாங்கும். ஒன்று, எல்டி டயருக்கு அதே பாரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். பழைய டயருக்கு அடித்த அளவை அப்படியே அடிக்காமல், போடுகிற கடையில் பாரத்தைச் சொல்லி அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

குச்சவெளியிலிருந்து ஒரு மீன் வியாபாரி: கடற்கரை மணலுக்குள் ஹைலக்ஸை இறக்கி மீன் பெட்டி ஏற்றுவேன். அடிக்கடி புதைகிறது. அகலமான ஆல் டெரெய்ன் போட்டால் தீருமா?

தம்பி, காசைச் செலவழிக்க முன் காற்றை இறக்கிப் பாருங்கள்.

காய்ந்த மணலில் டயரின் கட்டைக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே டயர் மணலைத் தோண்டக்கூடாது, மேலே மிதந்து போக வேண்டும். காற்று குறைந்தால் டயர் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் நிலத்தில் படியும், பாரம் பரந்து இறங்கும். அதனால்தான் கட்டை பெரிய மட் டயர் மணலில் மோசம், தோண்டிக்கொண்டே கீழே போகும். ஆல் டெரெய்ன் பரவாயில்லை. ரோட்டு டயரும் சரியான காற்றோடு போனால் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

மணலில் இறங்குவதற்கு முன், புதைந்த பிறகு அல்ல, நாலு சில்லையும் 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். பின்பக்கம் இருந்து பார்த்தால் நிலத்தோடு படுகிற இடத்தில் சுவர் மெல்லப் பிதுங்கி நிற்கும். போதவில்லை என்றால் 16. அதற்குக் கீழே போய்ச் சடாரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டியூப் இல்லாத டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். வேகம் 20, 25க்கு மேல் வேண்டாம். நிறுத்தும்போது பிறேக்கை அழுத்தாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், இல்லாவிட்டால் சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து, எடுக்கும்போது அதையே ஏற வேண்டிவரும். நிறுத்தும் இடம் கடலைப் பார்த்துச் சரிந்திருந்தால் நல்லது, எடுப்பு லேசாகும். ஐஸ் போட்ட பெட்டிகளைக் கரையில் நிற்கிற வண்டியிலேயே முழுதாக ஏற்றாமல், பாதியை இறுகிய நிலத்துக்கு வந்து ஏற்றுங்கள்.

ரோட்டுக்கு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. 18 பிஎஸ்ஐயோடு, ஈர மீன் பாரத்தோடு, வெயிலில் நிலாவெளி வழியாகத் திருகோணமலை வரை ஓடினால் டயர் உள்ளே வெந்துவிடும். பற்றரியில் ஓடுகிற சின்னக் கம்பிரஷரும் ஒரு காற்று மீற்றரும் வாங்கி வண்டிக்குள் வையுங்கள். ஒரு நல்ல டயரின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. அப்புறம், உப்புத் தண்ணீர் பட்ட நாளில் சில்லின் உள்பக்கத்தையும் பிறேக்கையும் நல்ல தண்ணீரால் கழுவாமல் படுக்கப் போகாதீர்கள். ரிம்மின் விளிம்பு துருப்பிடித்தால் அதன் வழியே காற்று கசியும், டயரில் ஓட்டை தேடி நாள் முழுக்கத் திரிவீர்கள்.

லிங்கநகரிலிருந்து ஒரு வாசகி: கணவர் வெளிநாட்டில். கெப்பை நான்தான் ஓடுகிறேன். பள்ளிக்கூடம், சந்தை, இடைக்கிடை கொழும்பு. டயர் தேய்ந்துவிட்டது. ஆல் டெரெய்ன்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று தம்பி சொல்கிறார்.

வேண்டாம் தங்கச்சி. எச்டி என்று சொல்கிற ரோட்டு டயரைப் போடுங்கள். கந்தளாய், ஹபரணை வழியாக மழையில் கொழும்புக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற உங்களுக்கு நனைந்த ரோட்டில் சட்டென்று நிற்கிற டயர்தான் தேவை. அதில் ரோட்டு டயரே முன்னுக்கு. சத்தமும் குறைவு, டீசலும் மிச்சம். தம்பிக்குப் பிடித்த அழகுக்காக இவற்றை இழக்காதீர்கள். கடையில் மலைப்படத்துக்குள் வெண்பனித் துகள் வரைந்த டயரைக் காட்டி விலை கூடச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். அது பனி விழும் நாட்டுச் சோதனையில் தேறியதற்கான அடையாளம், திருகோணமலையில் அதற்கு வேலை இல்லை.

கந்தளாயிலிருந்து ஒரு வாசகர்: வெளிநாட்டிலிருந்து கழற்றி வந்த ஆல் டெரெய்ன் டயர்கள், கட்டை முக்கால்வாசி இருக்கிறது, புதியதின் பாதி விலை. வாங்கலாமா?

கட்டையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் டொட் என்கிற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரியின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமையில் செய்தது. ஒரு பக்கச் சுவரில் மட்டும் முழு எண் இருக்கும், காணவில்லை என்றால் மற்றப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திருப்ப மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடாகும். எங்கள் வெயிலில் அது இன்னும் வேகம். ஆறு வருடம் தாண்டிய டயரைப் பாரம் ஏற்றுகிற கெப்புக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை, எவ்வளவு கட்டை இருந்தாலும் சரி. ஆறுக்குக் குறைவு என்றால் வெயிலில் எடுத்துவந்து கட்டைகளின் அடியை விரலால் விரித்துப் பாருங்கள். மயிர் போல வெடிப்புத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். உள்பக்கத்தில் கையை விட்டுத் தடவுங்கள், ஒட்டுப் போட்ட இடம் மேடாகத் தட்டுப்படும். நடுவில் ஆணி ஏறி ஒட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. சுவரிலோ தோள்பட்டையிலோ ஒட்டு என்றால் இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். கட்டை தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் டயர் முடிந்தது என்று பொருள். ஆனால் சேற்றிலும் கிறவலிலும் ஓடுகிற ஆல் டெரெய்ன் அதற்கு வெகு முன்பே தன் வேலையை நிறுத்திவிடும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: நாலும் வாங்கக் கையில் காசு இல்லை. இரண்டு ஆல் டெரெய்ன் மட்டும் வாங்கினால் எங்கே போடுவது?

பின்னுக்குப் போடுங்கள் நானா. புது டயரை முன்னுக்குப் போட்டு வழுக்கலைப் பின்னுக்கு விட்டால், மழையில் வளைவில் வண்டியின் வால் விலகும், அதைத் திருப்பிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. உங்கள் கெப் போர் வீல் என்றால் இன்னொன்றும் உண்டு. புதுசும் பழசும் உயரத்தில் வித்தியாசப்படும், முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாது. இறுகிய ரோட்டில் போர் வீலைப் போட்டு ஓடினால் அந்த இழுபறி முழுவதும் கியர் பெட்டியில்தான் இறங்கும். மணலிலும் சேற்றிலும் மட்டும் போடுங்கள், காப்பெட்டில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். முன் இரண்டையும் வாங்கும்போது அதே பிராண்ட், அதே மாதிரி, அதே அளவு வாங்குங்கள். அதன் பிறகு 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு வந்தால் நாலும் ஒன்றாகத் தேயும்.