‘நூல்’ என்ற குறிப்பு செல்லுமா?

கேள்வி: விடுமுறையில் உறவினர்கள் கூடியபோது, சீட்டுகளை நாங்களே தமிழில் எழுதிக்கொண்டு ‘கோட்நேம்ஸ்’ விளையாடினோம் (தலைவர் ஒரு சொல்லையும், அது எத்தனை சீட்டுகளைச் சுட்டுகிறது என்ற எண்ணையும் குறிப்பாகத் தர, மேசையில் உள்ள சொற்களில் தம் அணிக்குரியவற்றை மற்றவர்கள் ஊகிக்கும் ஆட்டம்). ‘ஊசி’, ‘பட்டம்’ ஆகிய இரண்டையும் சுட்ட, எதிரணித் தலைவர் ‘நூல், இரண்டு’ என்றார். ‘நூலகம்’ என்ற சீட்டும் மேசையில் இருந்ததால் அது செல்லாது என்றோம், அவர் ஏற்கவில்லை. எது சரி?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ஆட்சேபம் நியாயமானதே. மேசையில் மூடப்படாமல் இருக்கும் எந்தச் சொல்லையும், அதன் வேறு வடிவத்தையும், அது கூட்டுச்சொல்லாக இருந்தால் அதன் ஒரு பகுதியையும் குறிப்பாகச் சொல்லக் கூடாது என்பது விதி. ‘நூலகம்’ எந்த அணிக்குரிய சீட்டாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும்; யாராவது அதை ஊகித்து, அது மூடப்பட்ட பிறகு ‘நூல்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஐயம் எழுந்தால் குறிப்புத் தருபவர் தம் எதிரணித் தலைவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் சம்மதித்தால் குறிப்பு செல்லும். செல்லாத குறிப்பைச் சொல்லிவிட்டால் அந்த அணியின் முறை உடனே முடிவதோடு, எதிரணித் தலைவர் தமது அடுத்த குறிப்புக்கு முன் தம் சொற்களுள் ஒன்றை மூடிக்கொள்ளவும் உரிமை உண்டு. ஆக, அன்று உங்கள் அணிக்கு ஒரு சொல் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டும்! சீட்டு எழுதும்போதே கூட்டுச்சொற்களைக் குறைத்து, ‘மாலை’, ‘படி’ போன்ற பல பொருள் தரும் சிறு சொற்களைச் சேர்த்தால் இத்தகைய தகராறுகள் குறையும், ஆட்டமும் சூடுபிடிக்கும்.

கேள்வி: எங்கள் தலைவர் பயந்துகொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லுக்குத்தான் குறிப்புத் தருகிறார். இப்படி ஆடி வெல்ல முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மிகக் கடினம். செக் நாட்டு வடிவமைப்பாளர் விளாடா க்வாட்டில் உருவாக்கி 2015இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில், மொத்தம் உள்ள 25 சொற்களில் தொடங்கும் அணிக்கு 9, மற்ற அணிக்கு 8, யாருக்கும் சேராதவை 7, எஞ்சிய ஒன்று கொலையாளி. கொலையாளியைத் தொட்ட அணி அந்த நொடியே தோற்றுவிடும் என்பதால் உங்கள் தலைவரின் அச்சம் புரிகிறது. ஆனால் ஒவ்வொன்றாகச் சென்றால் எட்டு முறையாவது தேவைப்படும். இரண்டிரண்டாகச் செல்லும் எதிரணி நான்கைந்து முறைகளிலேயே முடித்துவிடும். ‘குடை’, ‘தவளை’, ‘மேகம்’ மூன்றும் உங்களுடையவை என்றால் ‘மழை, மூன்று’ என்று துணிந்து சொல்லலாம். கொலையாளி ‘ஆறு’ என்றிருந்தால் மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது. தவிரவும், சொன்ன எண்ணைவிட ஒரு சொல் கூடுதலாக ஊகிக்க அணிக்கு அனுமதி உண்டு. முந்தைய முறையில் விட்டுப்போன சொல்லை அந்த வாய்ப்பில் பிடித்துவிடலாம்.