வரிவிலக்கு இருந்தும் வறுமை குறையாதது ஏன்

வணக்கம். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குச் சுங்கவரி விலக்கு கிடைத்த பிறகும் அங்கே வறுமை எதிர்பார்த்த அளவு குறையாதது ஏன் என்றும், உங்கள் ஆய்வுக் குறிப்பை எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். விலக்கின் விதிகளிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

2005-இல் ஹாங்காங்கில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர் மாநாட்டில், இந்நாடுகளிலிருந்து வரும் பொருள்களில் குறைந்தது 97 விழுக்காட்டு வரி இனங்களுக்கேனும் (சுங்கப் பட்டியலில் தனித்தனியாக வரி குறிக்கப்பட்ட பொருள் வகைகளுக்கேனும்) விலக்குத் தர வளர்ந்த நாடுகள் இசைந்தன. ஓரிரு பொருள்களையே ஏற்றுமதிக்கு நம்பியிருக்கும் நாட்டின் முக்கியச் சரக்கு முழுவதும் எஞ்சிய 3 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடக்கூடும்.

அடுத்து, பொருள் எங்கே உருவானது என்பதைத் தீர்மானிக்கும் பிறப்பிட விதி. இதற்குக் கூடுதல் பக்கங்கள் ஒதுக்குங்கள். ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2001-இலேயே ஆயுதங்கள் தவிர்த்த பொருள்களுக்கு விலக்கு அறிவித்தது. ஆயினும் துணி நெய்வதும் தைப்பதும் ஆகிய இரண்டும் ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே நடந்தால்தான் பொதுவாகச் சலுகை கிடைத்தது. தைத்தாலே போதும் என்று 2011-இல் விதி தளர்ந்த பின்னரே நெசவாலை இல்லாத நாடுகளுக்கு வழி திறந்தது.

வரியில் மிச்சமான பணம் யாரிடம் சேர்கிறது என்பதையும் தவறாமல் கேளுங்கள். வாங்கும் நிறுவனம் விலையைக் குறைத்துக் கேட்டால் தையல்காரப் பெண்ணின் கூலி உயராது. 2013-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தது, ஐரோப்பாவில் வரிவிலக்கு பெற்றிருந்த ஆடைத் தொழிலில்தான். ஆகவே கூலியையும் தொழிற்சங்க உரிமையையும் தனி அத்தியாயமாக எழுதுங்கள், பின்னிணைப்பில் தள்ளிவிடாதீர்கள்.